சொந்த வீடு எப்போ?

போன தை மாசம் கும்பகோணத்துல ஒரு கல்யாணம். இலையில தண்ணி தெளிச்சு முடிக்கறதுக்குள்ள பக்கத்து இலை பெரியப்பா ஆரம்பிச்சுட்டார். "பெங்களூர் போயி எத்தனை வருஷம் ஆச்சுடா?" பதிமூணு வருஷம் பெரியப்பா. "வீடு வாங்கிட்டேல்ல?" இல்லைன்னேன். எடுத்த அப்பளத்தை அப்படியே இலையில வச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப சம்பளத்தையெல்லாம் என்னதான் பண்றே?"

வெளியூர்ல குப்பை கொட்டற எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கமாத்தான் இருக்கும். வாடகைங்கறது ஆத்துல போடற காசு, இஎம்ஐங்கறது உண்டியல்ல போடற காசு. இதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு, ஊருக்கு வெளியில இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஃப்ளாட் வாங்கி, காலையில ரெண்டு மணி நேரம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ரோட்லயே குடித்தனம் நடத்தற நண்பர்கள் எனக்கு நிறைய பேர். நான் எட்டு வருஷமா காக்ஸ் டவுன்ல வாடகைக்கு இருக்கேன். தப்பான முடிவுன்னு இன்னிக்கும் நினைக்கலை. இன்னும் ரெண்டு மாசத்துல அந்த வீட்டைக் காலி பண்ணணும். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

2012ல பெங்களூர் வந்தப்போ ஆபீஸ் பக்கம்னு ஒயிட்ஃபீல்டுலதான் வீடு எடுத்தோம். பெரிய அபார்ட்மென்ட், பதினோராவது மாடி, நீச்சல் குளம், ஜிம், வாசல்ல செக்யூரிட்டி சல்யூட். முதல் ரெண்டு வருஷம் ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கெல்லாம் நீச்சல் குளத்தைக் காட்டறதே எனக்கு வேலை. (அதுல நான் இறங்கினது மொத்தம் மூணு தடவை.) தங்கமணிக்கு ஒரு கொத்து கருவேப்பிலை வேணும்னாலும் கேட்டைத் தாண்டி ஒரு கிலோமீட்டர், அதுவும் நடைபாதையே இல்லாத, லாரி போற ரோட்ல.

2016ல அம்மா தவறிப்போனாங்க. தஞ்சாவூர்ல அப்பா தனியா இருக்க வேண்டாம்னு கூட்டிட்டு வந்தேன். முழுசா ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள், "ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா வச்சிருக்காங்கப்பா. ஆனா எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே"ன்னு சொல்லிட்டு பெட்டியைக் கட்டினார். கோவமா சொல்லலை, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. எழுபது வயசு மனுஷன் செருப்பை மாட்டிட்டு தானா வெளியில போய் ஒரு காபி குடிச்சு, ஒரு பேப்பர் வாங்கி, யாரோடயாவது பத்து நிமிஷம் பேசிட்டு வர முடியாத இடத்துல மாசம் இருபத்தெட்டாயிரம் கொடுத்து குந்திக்கிட்டு இருக்கோம்னு உறைச்சது.

அப்புறம் ஆறு மாசம் வீடு தேடற படலம். அல்சூர், ஃப்ரேசர் டவுன், குக் டவுன்னு ஞாயித்துக்கிழமையெல்லாம் அலைஞ்சோம். எம்.ஜி. ரோடுக்கு நாலஞ்சு கிலோமீட்டருக்குள்ள, ஆனா தெருவுல இன்னும் பசங்க ஷட்டில் ஆடற இடமா வேணும். புரோக்கருக்கு ஒரு மாச வாடகை கமிஷன். வீட்டுக்காரங்க கேள்வித்தாள் தனி: நான்வெஜ்ஜா, எத்தனை பேர், எந்த கம்பெனி, பெரியவர் நிரந்தரமா இருப்பாரா. கடைசிக் கேள்விக்கு அர்த்தம் என்னன்னா, வயசானவங்க இருந்தா தண்ணி ஜாஸ்தி செலவாகும்னு ஒருத்தர் நேராவே சொன்னார்.

அட்வான்ஸ் பத்தி புதுசா வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூர்ல பத்து மாச வாடகையை முன்பணமாக் கேக்கறது ரொம்ப நாள் வழக்கம். இப்ப பல இடத்துல ஆறு, அஞ்சுன்னு பேசி இறக்கலாம், கூச்சப்படாம பேசுங்க. காலி பண்ணும்போது பெயின்டிங்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுப்பாங்க, நீங்க சுவத்துல ஆணியே அடிக்காம இருந்தாலும். 'லீஸ்'னு போர்டு பார்த்தா குழம்பாதீங்க. அது நம்ம ஊர் ஒத்தி, சென்னையில போக்கியம்னு சொல்றது. கன்னடத்துலயும் அதே வார்த்தைதான், போக்ய. மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டு வாடகையில்லாம இருக்கறது.

கடைசியா காக்ஸ் டவுன்ல ஒரு பழைய வீட்டோட கீழ்ப்போர்ஷன் கிடைச்சது. சிவப்பு ஆக்ஸைடு தரை, முன்னாடி ஒரு மாமரம், மேல வீட்டுக்காரம்மா. எண்பதை நெருங்கற மனுஷி, எங்களுக்கு ஆன்ட்டி. வாடகை 22,000, அட்வான்ஸ் ரெண்டு லட்சம். அப்பா முதல் நாளே தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்து சொன்னார், "இங்க கறிகாய்க்காரன் தமிழ்ல ஏமாத்தறான்டா." அவ்வளவு சந்தோஷமா அவர் அதுக்கு முன்னாடி அந்த வருஷத்துல எதையும் சொல்லலை.

இந்தப் பக்கம் தமிழ் கேக்கறது நேத்து ஐடி கூட்டம் கொண்டுவந்தது இல்லை. 1809ல வெள்ளைக்காரன் ஸ்ரீரங்கப்பட்டணத்துலேர்ந்து பட்டாளத்தை இங்க மாத்தி கன்டோன்மென்ட் போட்டப்போ, கூடவே சிப்பாய், கொத்தனார், வியாபாரின்னு மதராஸ் பக்கத்து ஜனம் வந்து இறங்கிடுச்சு. 1949 வரைக்கும் கன்டோன்மென்டும் பழைய பெங்களூர் சிட்டியும் தனித்தனி நிர்வாகம். அல்சூர் ஏரிக்கரையில நம்ம திருவள்ளுவர் 18 வருஷம் கோணிக்குள்ள மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட்ல வெளியில வந்தார். பதிலுக்கு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர். இங்க பக்கத்துல சர்வக்ஞநகர்னு ஒரு சட்டமன்றத் தொகுதியே இருக்கு. இந்தத் தெருக்கள்ல தமிழன் விருந்தாளி இல்லை, ஆனா முதலாளியும் இல்லை. கன்னடம், உருது, கொங்கணி, மலையாளம், ஆங்கிலோ இந்தியன் இங்கிலீஷ் எல்லாம் ஒரே பேக்கரி கவுன்டர்ல கேக்கும். அப்பாவுக்கே இப்ப "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" சொல்ல வருது.

சொர்க்கம்னு சொல்ல வரலை. ஐப்பசி மழைக்கு பின் ரூம் மூலையில ஒழுகும், பக்கெட் வைப்போம். பார்க்கிங் சண்டை உண்டு. ஒரு ரோட்டை கேபிளுக்குத் தோண்டி, மூடி, மறுபடி டிரெய்னேஜுக்குத் தோண்டுவாங்க. தெருநாய்க்கு ராத்திரி ஒரு மணிக்குத்தான் பொதுக்குழு கூடும் :-). ஆனா காய் வாங்க மார்க்கெட் நடை தூரம், டாக்டர் நடை தூரம், பொண்ணு ஸ்கூல் நடை தூரம். சாயங்காலம் அப்பா ரிச்சர்ட்ஸ் பார்க் பெஞ்சுல ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரரோட உட்கார்ந்திருப்பார். ஒருத்தர் தமிழ், ஒருத்தர் தெலுங்கு. ரெண்டு பேருக்கும் காது மந்தம்ங்கறதால பாஷை ஒரு பிரச்சினையே இல்லை.

ரெண்டு விஷயத்துல வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சது. 2016 செப்டம்பர்ல காவிரிக் கலவரம் வந்தப்போ ஒயிட்ஃபீல்டுல இருந்தோம். டிஎன் நம்பர் வண்டியை பேஸ்மென்ட்ல தார்ப்பாய் போட்டு மூடிட்டு, பதினோராவது மாடியில டிவி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து ஃப்ளாட்ல யார்னே தெரியாது, தெரியாதவங்க மேல பயம்தானே வரும்? 2023 செப்டம்பர் 26 பந்த் அன்னிக்கு காக்ஸ் டவுன்ல இருந்தோம். காலையில பால்காரர், கன்னடக்காரர், பால் பாக்கெட்டை அப்பா கையில கொடுத்து, "இன்னிக்கு பார்க்குக்கு வேணாம் தாத்தா, நாளைக்குப் போங்க"ன்னு தமிழ்லயே சொல்லிட்டுப் போனார். அன்னிக்கு எனக்குப் பயம் வரலை.

இன்னொண்ணு தண்ணி. 2024 கோடையில ஊரோட வெளிவட்டத்துல போர்வெல் வத்தி, டேங்கருக்கு அபார்ட்மென்ட் அபார்ட்மென்டா அடிச்சுக்கிட்டாங்க. கோடி ரூபாய் ஃப்ளாட் வாங்கின நண்பன் குடும்பத்தோட ஒரு வாரம் எங்க வீட்ல குளிச்சுட்டுப் போனான். புறநகர் கிராமங்களுக்கான காவிரி அஞ்சாம் கட்டக் குடிநீர் அந்த வருஷம் அக்டோபர்லதான் திறந்தாங்க. எங்க பழைய பேட்டைக்கு முன்னாடியே காவிரி குழாய் உண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வந்துடும். "மேட்டூருக்கு வர வேண்டியதை நீ அங்கயே மடக்கிக் குடிச்சுடறே"ன்னு மாமா கிண்டல் பண்ணுவார்.

இப்ப பெரியப்பா கணக்குக்கு வர்றேன். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு ஃப்ளாட். 95 லட்சம் கடன், எட்டரை பர்சென்ட், இருபது வருஷம்னா மாசம் 82 ஆயிரத்துச் சொச்சம் இஎம்ஐ. முடியும்போது வட்டி மட்டும் ஒரு கோடியைத் தாண்டியிருக்கும். அதே ஃப்ளாட் வாடகைக்கு 35,000ல கிடைக்குது. நான் கொடுக்கறது ஏறி ஏறி இப்ப 32,000. மிச்சத்தை ஒழுங்கா சேமிச்சா நஷ்டம் ஒண்ணும் இல்லை. ஒழுங்கா சேமிக்கணும், அது முக்கியம். அதைச் செய்யாதவங்க பெரியப்பா சொல்றதையே கேளுங்க. ஆபீஸ் தூரமாச்சேன்னு கேப்பீங்க. முன்னாடி கஷ்டம்தான். 2023 அக்டோபர்ல ஒயிட்ஃபீல்டு மெட்ரோ முழுசா இணைஞ்சதுக்கப்புறம் சுவாமி விவேகானந்தா ரோடு ஸ்டேஷன்ல ஏறினா உட்கார்ந்து தூங்கிட்டே போயிடறேன்.

ஆனா இந்தக் கணக்குல நான் சேர்க்காம விட்ட ஒரு வரி இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி ஆன்ட்டி காபிக்குக் கூப்பிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க. வெளிநாட்ல இருக்கற பசங்க வீட்டை பில்டர்கிட்ட கொடுக்க முடிவு பண்ணிட்டாங்க, இடிச்சுட்டு நாலு மாடி வருது, ஆன்ட்டி பொண்ணு கூடப் போறாங்க, நாலு மாசம் டைம். அவங்க மேல எனக்குக் கோவமில்லை. அக்ரிமென்ட்ல என்ன இருக்கோ அதைவிட ரெண்டு மாசம் கூடவே கொடுத்திருக்காங்க.

என் கோவம் அந்த அக்ரிமென்ட் மேல. எட்டு வருஷமும் பதினோரு மாசப் பத்திரத்தையே புதுப்பிச்சுக்கிட்டு இருந்தோம். ஏன் பதினோரு மாசம்? ஒரு வருஷத்துக்கு மேல போனா 1908 பதிவுச் சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணணும், செலவு, அலைச்சல். அதைத் தவிர்க்கறதுக்காக நாடே பதினோரு மாசத்துல குடித்தனம் நடத்துது. மத்திய அரசு 2021ல ஒரு மாதிரி வாடகைச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டுக்கு ரெண்டு மாச வாடகைக்கு மேல முன்பணம் வாங்கக்கூடாதுங்கறான் அதுல. ஆனா மாநிலம் எடுத்து சட்டமாக்கினாத்தான் செல்லும். வாடகைக்கு இருக்கறவன் வாழ்க்கை பூரா அங்க ஒரு ஸ்கூல், ஒரு டாக்டர், ஒரு பார்க் பெஞ்சுன்னு வேர் விடறான், பத்திரம் மட்டும் லாட்ஜ் ரூம் கணக்குல இருக்கு. மூணு வருஷம், அஞ்சு வருஷம்னு பதிவு பண்ணின ஒப்பந்தம் சாதாரணமா கிடைச்சா, பாதிப் பேர் பயத்துல ஃப்ளாட் வாங்க மாட்டாங்க. நாம வாங்கறது சதுர அடியை இல்லை, 'காலி பண்ணு'ன்னு யாரும் சொல்லாம இருக்கறதைத்தான்.

இதை தங்கமணிகிட்ட ஆவேசமா பேசிட்டு இருந்தேன். அவ கேட்டா, "தஞ்சாவூர் வீட்டை பேங்க்காரருக்கு விட்டிருக்கோமே, அதுக்கு என்ன பத்திரம் போட்டீங்க?" பதினோரு மாசம்தான். ஒடிசாக்காரர், ரெண்டு பசங்க. போன வருஷம் பத்து பர்சென்ட் ஏத்தவும் ஏத்தினேன். பெரியவன் இந்த வருஷம் பத்தாவதுன்னு அவர் சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்தது. போன வாரம் அவருக்கு போன் பண்ணி மூணு வருஷத்துக்கு ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "செலவு யாருது சார்?"னு கேட்டார். பாதிப் பாதி.

இங்க, ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்திருக்கோம். 44,000 கேக்கறாங்க, அட்வான்ஸ் ஆறு மாசம். மூணு வருஷப் பத்திரத்துக்கு வீட்டுக்காரர் "பார்க்கலாம்"னு சொல்லியிருக்கார். மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. பத்தொன்பது படி. அப்பா ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்துட்டு, நடுவுல ஒரு இடத்துல கைப்பிடி போட்டுக் கொடுப்பாங்களான்னு மட்டும் கேக்கச் சொல்லியிருக்கார்.