டக்ளஸ் பெற்ற வெற்றி

தேர்தல் முடிந்ததும் எவருக்கு எத்தனை இடங்கள் என்று எண்ணிப் பார்ப்பது இயற்கை. எண்ணியவுடன் ஏட்டை மூடிவிடுவதோ தவறு. வென்றவர் எதைச் சொல்லி வென்றார், தோற்றவர் எதைக் கேட்டுத் தோற்றார் என்பவற்றையும் கணக்கிலே சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிடில் கணக்கு எவ்வளவு பிழைபடும் என்பதை அறிய விரும்புவோர், அமெரிக்க நாட்டு இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1858ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்தலைப் படித்தறிதல் வேண்டும்.

அந்நாளில் அங்கே செனட் சபை உறுப்பினரை மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. நம் நாட்டு மாநிலங்களவைக்கு இன்றும் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கின்றனரே, அதுபோல! 1913இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது திருத்தம் நிறைவேறிய பிறகே அவ்வுரிமை அமெரிக்க மக்களின் கைக்கு வந்தது. ஆகவே 1858இல் சட்டமன்றத்தைக் கைப்பற்றும் கட்சிக்கே செனட் பதவி.

பதவியில் இருந்தவர் ஸ்டீபன் டக்ளஸ்; ஜனநாயகக் கட்சியினர். 1847 முதல் செனட் உறுப்பினர். உருவில் சிறியவர், செல்வாக்கிலோ மிகப் பெரியவர். புதிதாகக் குடியேறும் நிலப்பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கு வாழும் மக்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று கூறி, 1854இல் கான்சாஸ் - நெப்ராஸ்கா சட்டத்தை நிறைவேற்றியவர். மக்களே முடிவு செய்யட்டும்! கேட்கச் சுவையான வாசகம். மக்களாட்சியின் மணம் கமழும் வாசகம். ஆனால் சந்தையிலே நிறுத்தி விற்கப்பட்டானே கருப்பு நிறத்தவன், அவனுக்கு அந்த முடிவிலே வாக்கு உண்டா? இல்லை! வாங்குவோரும் விற்போரும் கூடி வாக்களிப்பர். விலைபோகிறவன் வாய் திறவாது நிற்க வேண்டும். இதற்குப் பெயர் மக்கள் உரிமையாம்!

கான்சாஸ் மக்கள் மீது அடிமை முறைச் சட்டத்தைத் திணிக்க முயன்ற குடியரசுத் தலைவர் புக்கானனை, தம் கட்சித் தலைவர் என்றும் பாராது டக்ளஸ் எதிர்த்தார். அதைக் கண்டு மகிழ்ந்த குடியரசுக் கட்சிப் பெரியவர்கள் சிலர், 'டக்ளசை எதிர்க்காது விட்டுவிடலாமே' என்று அறிவுரை கூறினர். இல்லினாய்ஸ் தோழர்கள் இணங்கவில்லை. பகைவனின் பகைவன் என்பதாலேயே ஒருவர் நண்பராகிவிடுவாரோ? அடிமை முறை தீது என்று வாய்விட்டுக் கூற மறுப்பவருக்கு எப்படி வழிவிடுவது? ஜூன் திங்களில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மாநாடு கூட்டி, வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கனை வேட்பாளராக அறிவித்தனர்.

லிங்கன் ஒரே மேடையில் வாதிட அழைத்தார். புகழின் உச்சியில் இருப்பவருக்கு அத்தகைய அழைப்பால் வரும் ஆதாயம் சிறிது. வரக்கூடிய இழப்போ பெரிது. எனினும் டக்ளஸ் ஏற்றார். அந்த ஆண்மையை நாம் பாராட்டத்தான் வேண்டும். ஒட்டாவா தொடங்கி ஆல்ட்டன் முடிய ஏழு ஊர்கள். முதலில் பேசுபவருக்கு 60 நிமிடம். மறுப்பவருக்கு 90 நிமிடம். மீண்டும் முன்னவருக்கு 30 நிமிடம். மூன்று மணி நேரம் ஆயிரக்கணக்கான மக்கள் நின்று கேட்டனர்.

ஆகஸ்டு 27ஆம் நாள் ஃப்ரீபோர்ட்டில் லிங்கன் ஒரு கேள்வி தொடுத்தார். மாநிலமாக உருப்பெறும் முன்னர், ஒரு நிலப்பகுதியின் மக்கள் அடிமை முறையைச் சட்டப்படி விலக்க முடியுமா? 1857இல் உச்சநீதிமன்றம் டிரெட் ஸ்காட் வழக்கிலே அளித்த தீர்ப்பின்படி, காங்கிரசுக்கே அவ்வதிகாரம் கிடையாது. முடியாது என்று டக்ளஸ் கூறினால், அவரது 'மக்கள் உரிமை' வெற்றுரையாகும். முடியும் என்றால், தென்னாட்டு அடிமை உடைமையாளர் சீறுவர். முடியும் என்றார் டக்ளஸ். உள்ளூர்ச் சட்டங்களின் காவலின்றி அடிமை முறை ஒரு நாளும் நிலைக்காது என்று விளக்கமும் தந்தார்.

லிங்கனிடம் குறையே இல்லை என்பாரும் உளர். சார்லஸ்டன் மேடையில் அவர், வெள்ளையருக்கும் கருப்பருக்கும் அரசியல், சமுதாயச் சமத்துவம் வேண்டுபவன் தாம் அல்லர் என்று கூறினார். வாக்குக்கு அஞ்சிக் கூறினாலும், நம்பியே கூறினாலும், அது மாசுதான். மறைப்பதற்கில்லை.

நவம்பர் 2ஆம் நாள் வாக்குப்பதிவு. மாநிலம் முழுவதும் கூட்டிப் பார்க்கையில், குடியரசுக் கட்சியினர் பெற்ற வாக்குகளே டக்ளஸ் அணியினர் பெற்றவற்றினும் மிகுதி. இடங்களோ குறைவு! மக்கள்தொகை பெருகியிருந்த வட பகுதிக்குப் பழைய கணக்கின்படியே தொகுதிகள். போதாக்குறைக்கு, அவ்வாண்டு தேர்தலுக்கு நிற்கத் தேவையற்ற மேலவையினருள் டக்ளஸ் கட்சியினரே பெரும்பாலோர். 1859 ஜனவரி 5ஆம் நாள் சட்டமன்றம் கூடி வாக்களித்தது. டக்ளஸ் 54, லிங்கன் 46.

தோல்விதான். ஆனால் சுருக்கெழுத்தாளர் பதிந்து, நாளேடுகள் வெளியிட்ட அந்த வாதங்கள் நாடெங்கும் பரவின. 1860இல் நூலாகவும் வந்தன. புக்கானனை எதிர்த்த நாள்முதல் டக்ளஸ் மீது கசப்புற்றிருந்த தென்னாட்டார், ஃப்ரீபோர்ட் விடையைக் கேட்டபின் அவரை ஏற்கவே மறுத்தனர். 1860இல் ஜனநாயகக் கட்சி இரண்டாகப் பிளந்தது. நூற்றுக்கு நாற்பது அளவே வாக்குகள் பெற்ற லிங்கன் குடியரசுத் தலைவரானார். உள்நாட்டுப் போர் மூண்டதும் டக்ளஸ் ஒன்றியத்தின் பக்கமே நின்று, 1861 ஜூனில் மறைந்தார். 1865இல் 13ஆவது திருத்தம் அடிமை முறையை அழித்தது.

இடம் கிடைக்குமா என்று மட்டும் இல்லினாய்ஸ் தோழர்கள் எண்ணியிருந்தால், பெரியவர்களின் அறிவுரை கேட்டு வீட்டில் அமர்ந்திருப்பர்; டக்ளசும் எவருக்கும் விடை கூறாமலே மீண்டும் செனட் சபை சென்றிருப்பார். பதவியில் உள்ளவரை மக்கள் முன்னே நிறுத்திப் பதில் பெறுவதே தேர்தலின் முதற்பயன். ஆகவே, தோழர்களே, வாக்கு கேட்கச் செல்லும் ஊர்தோறும் கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள். மேடைக்கு வர மறுப்பவர் எவராயினும், ஏன் மறுக்கிறார் என்று மக்களையே கேட்கச் சொல்லுங்கள்.