பெரியப்பாவை வில்லனாக்கிய 'டிராமா' ஃபில்டர்!

"மாப்பிள்ளையோட அப்பாவுக்கு உடம்புக்கு எதுவும் முடியலையா?"

போன மாசம் திண்டுக்கல்லில் இருக்கிற எங்க பெரியப்பா வீட்டுக்கு இப்படி ஒரு போன். கேட்டது, அண்ணனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் சித்தி. அந்த நேரத்தில் பெரியப்பா பட்டறையில் நின்று, ஒரு மாங்காய்ப் பூட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு தும்மல்கூட கிடையாது. பெரியம்மா விசாரித்துப் பார்த்ததில், குற்றவாளி நான்தான் என்று தெரிந்தது.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவை பட்டறையில் வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். மதியம் 3 மணி. கதவு வழியாக ஒரு பக்கமாக விழுகிற வெயில், பின்னால் கரி படிந்த சுவர், கையில் பித்தளைப் பூட்டு. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவளுக்கு இது போதாதா? பஸ்ஸில் திரும்பி வரும்போதே ஸ்னாப்சீட் ஆப்பைத் திறந்தேன். 'டிராமா' ஃபில்டர் ஒன்று. அதற்கு மேல் 'ஸ்ட்ரக்சர்' ஸ்லைடரை 80 வரைக்கும் தள்ளி, கலரைப் பாதியாகக் குறைத்து, ஓரங்களை இருட்டாக்கி, இன்ஸ்டாவில் போட்டேன். ஹார்ட்டின் கொட்டியது. 'வேற லெவல்', 'செம மாஸ்' என்று கமென்ட்கள். அண்ணன் அதை எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட, அங்கிருந்து அது பெண் வீட்டுக்கும் போய்விட்டது.

பெரியம்மா எனக்கு போன் செய்தார். "ஏண்டி, நல்லா இருக்கிற மனுஷனை இப்படி சீக்காளி மாதிரி ஆக்கி வெச்சிருக்க? பத்து நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி இருக்காரு. உங்க பெரியப்பா கலர் இதுவாடி?"

நான் "அதான் பெரியம்மா இப்ப ஸ்டைல்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்துவிட்டு போட்டோவை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியம்மா சொன்னது சரிதான். அதனால் இந்த வாரம், போட்டோவுக்கு அந்த 'டெரர்' லுக் கொடுப்பது எப்படி, எங்கே கை மீறிப் போகிறது என்று பார்க்கலாம் மக்களே.

இந்த லுக்கை ஆப்கள் கண்டுபிடிக்கவில்லை. கலர் ஃபிலிமைக் கழுவும்போது, அதில் இருக்கும் வெள்ளியை நீக்க 'பிளீச்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைச் செய்யாமல் விட்டால் வெள்ளி அப்படியே தங்கிவிடும். அதாவது, கலர் படத்தின் மேலேயே ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் ஒட்டிக்கொண்டிருக்கும். கலர் வெளிறும், இருட்டு இன்னும் இருட்டாகும், படம் முழுக்கச் சொரசொரவென்று மணல் தூவியதுபோல் இருக்கும். 1960-லேயே கோன் இச்சிகாவா இயக்கிய 'ஒதோத்தோ' என்கிற ஜப்பானியப் படத்துக்காக கேமராமேன் கசுவோ மியாகவா இதைச் செய்தார். இன்று நாம் கலரைக் குறைத்து, கான்ட்ராஸ்ட்டை ஏற்றுவது அதே வித்தைதான். லேபுக்குப் பதில் கட்டை விரல்.

இப்போது என் தப்புக்கு வருவோம்.

முதல் தப்பு ஸ்ட்ரக்சர். லைட்ரூமில் இதன் சொந்தக்காரர் பெயர் 'கிளாரிட்டி'. பலரும் இதை 'ஷார்ப்' ஆக்கும் பட்டன் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கொஞ்சம் வெளிச்சமான இடத்துக்கும் கொஞ்சம் இருட்டான இடத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை இது பெரிதாக்குகிறது. சுவரில் இருக்கும் விரிசல், இரும்பில் இருக்கும் துரு, மரத்தில் இருக்கும் வரி, இதெல்லாம் எழுந்து நிற்கும். அருமைதான். ஆனால், ஆப்புக்கு சுவர் எது, பெரியப்பாவின் கன்னம் எது என்று தெரியாதே! கண்ணுக்குக் கீழே இருந்த மெல்லிய நிழல் குழியானது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் வெட்டுக்காயம் மாதிரி ஆனது.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இப்போது வரும் போன்கள், நாம் கிளிக் செய்த அந்த நொடியிலேயே பல ஃப்ரேம்களைச் சேர்த்து, நிழலைத் தூக்கி, விளிம்புகளைக் கூர்மையாக்கித்தான் படத்தைக் கையில் கொடுக்கின்றன. ஏற்கெனவே உப்புப் போட்ட சாம்பாரில் நாம் மறுபடி உப்புப் போடுகிறோம். அதனால்தான் ஆளைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு, சாமி படத்தில் இருக்கும் ஒளிவட்டம் போல் தெரிகிறது. உங்கள் படத்தில் தலைமுடியும் வானமும் சந்திக்கிற இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே அந்தக் கோடு தெரிந்தால், ஸ்லைடரைப் பின்னால் இழுங்கள்.

இரண்டாவது தப்பு கலர். இதுதான் பெரியம்மாவைக் கோபப்படுத்தியது. நம் மாநிறம், கறுப்பு நிறத் தோலில் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த ஒரு சூடு உண்டு. உயிரோட்டமே அதுதான். கலரைப் பாதியாகக் குறைத்து, கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் முதலில் போவது அந்தச் சூடுதான். மிஞ்சுவது சாம்பல். யூடியூபில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வெள்ளைத் தோலுக்குச் சொல்லிக்கொடுத்த நம்பர்களை அப்படியே நம் ஆட்கள் முகத்தில் போட்டால் இந்தக் கதிதான். நான் செய்ததும் அதையேதான்.

'சும்மா ஒரு எடிட்தானே, இதுக்குப் போய்...' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1994, ஜூன் 27 தேதியிட்ட 'டைம்' இதழின் அட்டையில், கொலை வழக்கில் கைதான முன்னாள் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஓ.ஜே.சிம்ப்சனின் போலீஸ் போட்டோ வந்தது. 'நியூஸ்வீக்' அட்டையிலும் அந்த வாரம் அதே போட்டோதான். கடைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியபோதுதான் ஊருக்கே தெரிந்தது, டைம் அட்டையில் அவர் முகம் பல மடங்கு கறுப்பாக்கப்பட்டிருக்கிறது என்று. வழக்கு விசாரணையே தொடங்காத நேரம். கறுப்பாக்கி, இருட்டாக்கி, ஆளை அப்போதே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள் என்று பெரிய கண்டனம் எழுந்தது. இதழ் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதில் மூக்கு, வாயை யாரும் மாற்றவில்லை. முக்கியமாக மாற்றியது வெளிச்சத்தைத்தான்.

செய்திப் படங்களில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. காஸாவில் இறந்த குழந்தைகளைத் தூக்கிச் செல்லும் காட்சியை எடுத்த ஸ்வீடன் போட்டோகிராபர் பால் ஹான்சனுக்கு 2013-ல் 'வேர்ல்ட் பிரஸ் போட்டோ' விருது கிடைத்தது. அது ஒட்டுவேலை என்று புகார் கிளம்பியது. நிபுணர்கள் சோதித்துப் பார்த்து, ஒட்டுவேலை எதுவும் இல்லை, நிறமும் வெளிச்சமும்தான் திருத்தப்பட்டிருக்கின்றன என்றார்கள். படம் உண்மை. ஆனாலும், 'சினிமா போஸ்டர் மாதிரி இருக்கே' என்கிற உறுத்தல்தான் அத்தனை சந்தேகத்துக்கும் காரணம்.

எனக்கு இதில் ஒரு தனிப்பட்ட எரிச்சலும் உண்டு. போட்டோ போட்டிகளுக்கு வரும் படங்களைப் பாருங்கள். பீச்சில் நிற்கும் காலேஜ் பெண்ணுக்கு ஸ்கின்னை வழவழப்பாக்குவார்கள். களை பறிக்கும் பாட்டிக்கு மட்டும் ஸ்ட்ரக்சர் 100. அவர் முகம் அவ்வளவு சுருங்கியிருந்தால்தான் நமக்கு 'லைக்' வரும் போல. அந்தப் பாட்டியிடம் கேட்டால், முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து நின்றிருப்பார். இவ்வளவு பேசும் நானும் பெரியப்பாவுக்கு அதைத்தானே செய்தேன்?

சரி, அந்த போட்டோவை மறுபடி எடிட் செய்தேன். நல்லவேளை, ஒரிஜினல் போனில் பத்திரமாக இருந்தது. (எடிட் செய்ததை எப்போதும் தனி காப்பியாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடிட் செய்யாதீர்கள். அது ஏற்கெனவே சுருங்கிப்போன படம். ஒரிஜினலை வாங்க வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள்.)

இந்த முறை முகத்தைக் கடைசிக்கு வைத்தேன். முதலில் 'டியூன் இமேஜ்'. ஹைலைட்ஸைக் கொஞ்சம் குறைத்ததில், கதவு வழியாக வந்த வெயிலின் வெள்ளை அடங்கியது. ரொம்பவும் வெளுத்துப்போன இடம் திரும்பி வராது, அங்கே விவரமே பதிவாகியிருக்காது. அதனால், எடுக்கும்போதே திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கீழே இழுத்துக்கொள்வது நல்லது. இருட்டாக எடுத்ததை ஓரளவு மீட்கலாம், வெளுத்ததை மீட்க முடியாது. அடுத்து சாச்சுரேஷன், மைனஸ் 15-தான். முன்பு போட்டது மைனஸ் 50. வார்ம்த்தைத் துளி ஏற்றினேன்.

பிறகு ஸ்ட்ரக்சர், 25. அதையும் படம் முழுக்க விடவில்லை. ஸ்னாப்சீடில், செய்த எடிட்டுகளின் பட்டியலைத் திறந்து, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிரஷ்ஷால் எந்த இடத்தில் வேண்டுமோ அங்கே மட்டும் தடவலாம். நான் சுவர், மேஜை, பட்டறைச் சாமான்கள், பூட்டு, கை இதில் மட்டும் தடவினேன். கன்னத்துக்குக் கிட்டேயே போகவில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் கற்றுக்கொண்டால்கூட உங்கள் படங்கள் பாதி தேறிவிடும்.

மிச்ச டிராமாவுக்கு 'டாட்ஜ் அண்ட் பர்ன்'. இது டார்க்ரூம் காலத்துச் சமாச்சாரம். பிரின்ட் போடும்போது, வெளிச்சம் தேவையான இடத்தைக் கையாலோ அட்டையாலோ மறைத்துக்கொள்வார்கள், இருட்டு தேவையான இடத்தில் கூடுதல் ஒளியை விழவிடுவார்கள். இப்போது அது ஒரு பிரஷ். பிளஸ் 5 வைத்து, வெயில் பட்ட கன்னத்திலும் பூட்டின் விளிம்பிலும் லேசாகத் தடவினேன். மைனஸ் 5 வைத்து, பின்னால் தொங்கிய பிளாஸ்டிக் பையை இருட்டில் தள்ளினேன். கண் தானாக முகத்துக்குப் போய், அங்கிருந்து கைக்கு இறங்குகிறது. டிராமா என்பது வெளிச்சம் எங்கே இருக்கிறது என்பதுதான். அதற்காக யார் முகத்தையும் உழுது போட வேண்டியதில்லை.

கறுப்பு வெள்ளைப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 'பிளாக் அண்ட் ஒயிட்' டூலில் கலர் ஃபில்டர் என்று ஒன்று இருக்கும். அதில் பச்சை, நீலம் வைத்தால் நம் தோல் இன்னும் இருண்டுபோகும். ஆரஞ்சு வைத்தால் முகம் தெளியும். ஒரே படத்துக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒரே ஆளா என்று கேட்பீர்கள்.

முடித்ததும் உடனே அனுப்பவில்லை. இரவு முழுக்க விட்டு, காலையில் மறுபடி பார்த்தேன். பழகிய கண்ணுக்கு எல்லாமே சரியாகத்தான் தெரியும். காலையில் பார்த்தபோது விக்னெட் அதிகம் என்று பட்டது, குறைத்தேன்.

பெரியப்பாவுக்குப் பழசு, புதுசு இரண்டையும் அனுப்பி, தயங்கித் தயங்கி போன் செய்தேன். முகத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஏம்மா, பழைய போட்டோவுல பூட்டைக் காணோமே? எல்லாம் ஒரே இருட்டா இருந்துச்சு. அந்தப் பூட்டுக்கு மூணு நாள் வேலைம்மா. இதுல சாவித் தொளை வரைக்கும் தெரியுது."

பெரியம்மா பக்கத்தில் இருந்து போனைப் பிடுங்கினார். "இதைத்தான் பொண்ணு வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை வர்றாங்க. நீயும் வந்துரு. ஆனா, போனைத் தூக்கிக்கிட்டு யார் பக்கத்துலயும் போகக் கூடாது, சொல்லிட்டேன்."