'விட்டான்' போட்டால் போதுமா?

வட்டி, இ.எம்.ஐ., ஊரில் வீட்டுக்கடன் என்று எழுதிக் கொண்டிருந்தவன் திடீரென்று ரப்பருக்குத் தாவிவிட்டானே என்று யோசிக்காதீர்கள். பி.காம். படித்த பேங்க் ஆசாமிக்கு ஓ-ரிங்கோடு என்ன வேலை என்று இன்ஜினியர் நண்பர்கள் சிரிக்கவும் வேண்டாம். பல கம்பெனிகளில் சீல், காஸ்கெட், ஆயில் சீல் எல்லாம் கடைசியில் எங்களைப் போன்ற காமர்ஸ் ஆட்களின் கையெழுத்தில்தான் வாங்கப்படுகின்றன. மூன்று கொட்டேஷன், அதில் குறைந்த விலைக்கு ஒரு டிக். முடிந்தது கதை.

இப்படிக் குறைந்த விலைக்கு டிக் போடுவது ஒரு தப்பு. ஒருமுறை கசிந்து பட்டபிறகு, "இனிமேல் எல்லாத்துக்கும் விட்டான் போடு" என்று உத்தரவு போடுவது இன்னொரு தப்பு. இரண்டிலுமே அந்த ரப்பர் செய்யப்போகும் வேலை என்ன என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் விட்டான் யார் என்று பார்த்துவிடுவோம். (யாரும் எதையும் விடவில்லை, பெயரே அதுதான் :-)) ஃபுளோரோஎலாஸ்டோமர், சுருக்கமாக எஃப்.கே.எம். என்ற ரப்பர் வகை. 1957ல் டூபாண்ட் நிறுவனம் 'விட்டான்' என்ற பெயரில் கொண்டு வந்தது; இப்போது அந்தப் பெயர் கெமோர்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. ஜெராக்ஸ் மாதிரி, யார் செய்தாலும் கடையில் அது விட்டான்தான். நம் நாட்டிலேயே குஜராத் ஃபுளோரோகெமிக்கல்ஸ் 'ஃபுளோனாக்ஸ்' என்ற பெயரில் தயாரிக்கிறது. கார்பனும் ஃபுளோரினும் கெட்டியாகப் பிணைந்திருப்பதால் பெட்ரோல், டீசல், சூடான எண்ணெய், பல அமிலங்கள் எதற்கும் லேசில் அசையாது. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். எண்ணெய்க்கென்றே வழக்கமாகப் போடும் நைட்ரைல் ரப்பரோ 100 டிகிரியைத் தாண்டினால் சீக்கிரம் இறுகி வெடித்துவிடும். எஃப்.கே.எம். விலை நைட்ரைலைவிடப் பல மடங்கு.

இவ்வளவு நல்ல பொருளை எல்லா இடத்திலும் போட்டால் என்ன? அதற்கு எங்கள் மூணாறுப் பக்கத்து மாட்டுப்பட்டியே பதில் சொல்லும். டூர் போனவர்களுக்கு அந்த ஏரி ஞாபகம் இருக்கும். அந்த ஒரு ஏரிக்கரையிலேயே மூன்று விதமான வேலை இருக்கிறது.

ஒன்று, தண்ணீர். பள்ளிவாசல் மின் திட்டத்துக்காகத் தேக்கிய அணை அது. அணை ஷட்டர்களின் ஓரத்தில் கசியாமல் இருக்கப் போடும் சீலுக்கு இயற்கை ரப்பர், நியோப்ரீன் போன்றவையே போதும். அங்கே சூடும் இல்லை, எண்ணெயும் இல்லை. நம் கோட்டயத்து ரப்பர் ஜம்மென்று வேலை செய்யும் இடத்தில் விட்டான் கேட்பது வீண் ஜம்பம்.

இரண்டு, பெட்ரோல். ஏரியில் சீறிப் போகும் ஸ்பீட் போட்டின் எரிபொருள் குழாயிலும் சீலிலும் இயற்கை ரப்பரை வைத்தால் பெட்ரோலைக் குடித்து ஊதிப்போகும். எஃப்.கே.எம். காசுக்கு மதிப்பு காட்டுவது இங்கேதான்.

மூன்று, குளிர். 1963ல் தொடங்கிய இந்தோ-சுவிஸ் திட்டத்தின் மாட்டுப்பண்ணை அங்கேதான் இருக்கிறது. இப்போது கேரள கால்நடை வளர்ச்சி வாரியத்தின் கையில். சுனந்தினி இனம் வந்ததும் அந்தத் திட்டத்தில்தான். காளைகளின் விந்தணுவை மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைத்துப் பாதுகாப்பார்கள். அந்தக் குளிரில் எஃப்.கே.எம். கண்ணாடித் துண்டு மாதிரி ஆகிவிடும். அதைவிட முக்கியம், அந்தக் கேனின் வாயை இறுக்கி அடைக்கவே கூடாது. ஒரு லிட்டர் திரவம் வாயுவானால் சுமார் 700 லிட்டர். வெளியேற வழி இல்லையென்றால் கேனே வெடிகுண்டு. அதனால்தான் மூடி தளர்வாகவே உட்காரும். சீலே வேண்டாம் என்பதுதான் அங்கே சரியான தேர்வு!

குளிர் விஷயத்தை அலட்சியம் செய்ததற்கு உலகமே பார்த்த உதாரணம் சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 28, கிளம்பிய 73வது வினாடியில் சிதறி 7 பேர் இறந்தார்கள். திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங் எஃப்.கே.எம். வகைதான். சூட்டுக்குப் பேர் போன ரப்பர். அன்று காலை அங்கே வெப்பம் 2 டிகிரி. அந்தக் குளிரில் ரப்பர் அமுங்கினால் சட்டென்று பழைய வடிவத்துக்குத் திரும்பாது. விசாரணையின்போது ரிச்சர்ட் ஃபைன்மேன் ஒரு துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டே காட்டினார். இணைப்பின் வடிவமைப்பிலும் கோளாறு இருந்தது, பழி முழுக்க ரப்பர் மேல் இல்லை. ஆனால் 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தயாஷிப்பாளரான தயோக்கால் கம்பெனியின் இன்ஜினியர்கள் முந்தின இரவே சொன்னார்கள். நிர்வாகம் அதைத் தள்ளிவிட்டுச் சம்மதம் கொடுத்தது. கையெழுத்து போடுகிற ஆட்கள் மறக்கக் கூடாத இடம் இது.

வளைகுடாவில் நாம் நடத்தும் பிளாண்ட்டுகளிலும் இதே கதைதான். கச்சா எண்ணெய்க்கு அருமையாக நிற்கும் எஃப்.கே.எம்., வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிரிக்கும் அமீன் யூனிட்டில் கெட்டுப்போகும். அசிட்டோனில் ஊதிவிடும். சாதாரண ரகங்கள் நீராவியிலும் நிற்காது. நீராவிக்கும் பிரேக் ஆயிலுக்கும் இ.பி.டி.எம். போட வேண்டும், அதையே பெட்ரோலில் போட்டால் நாசம்.

இப்போது கொஞ்சம் நம்ம கணக்கு. உதாரணத்துக்கு ஒரு சூடான எண்ணெய் பம்ப்: நைட்ரைல் ஓ-ரிங் 40 ரூபாய், எஃப்.கே.எம். 400. நைட்ரைலை வருஷத்துக்கு நாலு தடவை மாற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் வேலை நின்று 5,000 நஷ்டம் என்றால் மொத்தம் 20,160. எஃப்.கே.எம். இரண்டு வருஷம் நின்றால் வருஷத்துக்கு 2,700தான். அதே 400 ரூபாய் ரிங்கைக் குளிர்ந்த தண்ணீர் பம்ப்பில் போட்டால் 360 ரூபாய் தண்டம். கொட்டேஷனில் தெரிவது 40ம் 400ம் மட்டுமே. இதில் காசை மட்டும் பேசினேன். கசிவது எரியும் திரவம் என்றால் பக்கத்தில் நிற்கிற ஆளின் உயிரும் கணக்கில் வரும்.

வீட்டு வண்டிக்கும் இது பொருந்தும். இந்தியாவில் 2025ல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் காஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்று பெட்ரோலியத் துறை 2025 ஆகஸ்டில் சொன்னது. சரி, எந்த ரப்பராக மாற்றுவது? அதைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும். ஊரில் அப்பா ஓட்டுகிற பழைய ஸ்கூட்டருக்கு, மீட்டர் கணக்கில் விற்கும் கறுப்புக் குழாயை வெட்டி மாட்டாமல், எத்தனாலுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் பாகமாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான். பர்ச்சேஸ் ஆர்டரில் 'ஓ-ரிங், 50 எண்ணம்' என்று மட்டும் இருந்தால் கையெழுத்து போடாதீர்கள். எந்தத் திரவம், அதிகபட்ச சூடு, குறைந்தபட்ச குளிர், எவ்வளவு அழுத்தம், எதைக் கொண்டு கழுவுகிறார்கள் என்று ஐந்து விவரம் கேளுங்கள். சரக்கு வந்ததும் தராசில் போடுங்கள்: ஒரே அளவுள்ள எஃப்.கே.எம். ரிங், நைட்ரைலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கும். எடை சரியாக இருந்தால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. ஆனால் லேசாக இருந்தால் அது நிச்சயம் விட்டான் இல்லை. எரிந்து கருகிய எஃப்.கே.எம். சீலை வெறுங்கையால் தொடாதீர்கள், குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம்; அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு சதையையே அரிக்கும்.

வேண்டாத இடத்தில் போடாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. இது மண்ணில் லேசில் மக்காத ஃபுளோரின் வகையறா. ஐரோப்பாவில் இந்த வகைப் பொருட்களைக் கட்டுப்படுத்த ஐந்து நாடுகள் சேர்ந்து 2023ல் ஒரு முன்மொழிவையே வைத்தன. வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இன்ஜினியர் மக்கள் தப்பு கண்டுபிடித்தால் பின்னூட்டத்தில் தாராளமாகக் குட்டலாம். காமர்ஸ் மக்கள் அடுத்த கொட்டேஷனில் டிக் போடும் முன் ஸ்டோர்ஸுக்கு ஒரு போன் போட்டு, "இது எதுக்குப்பா?" என்று கேட்டால் போதும்.