ஜாகீர் காலம் யாருக்குப் பொற்காலம்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

"ஜாகீர்தார் காலத்தில் கல்வராயன் மலையில் திருட்டு இல்லை, வழக்கு இல்லை, எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம்" என்று நம் உறவினர் குழுவில் ஒரு பதிவு சுற்றுகிறது. என்னிடம் படித்த பிள்ளைகளே கைதட்டல் போட்டிருக்கிறீர்கள். வரி வாங்குபவரும் அவர், தீர்ப்புச் சொல்பவரும் அவர் என்றால் வழக்கை யாரிடம் கொண்டுபோவது?

ஐரோப்பாவின் நிலப்பிரபுத்துவப் பாடம் நினைவிருக்கிறதா? பண்ணையடிமை பிரபுவின் நிலத்தில் வாரத்தில் சில நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அனுமதியில்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு. ஜெபிப்பவர், போரிடுபவர், உழைப்பவர் என்ற பிரிவினை கடவுள் செய்த ஏற்பாடு என்று குருமார் சொன்னார்கள். வாளைவிட இந்தச் சொல்தான் அவர்களைக் குனியவைத்தது. பிரான்சில் அது 1789-இல் ஒழிந்தது. ரஷ்யாவில் 1861.

நம் மலையில்? சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த மலை என்பார்கள். இங்கே போப்பாண்டவர் இல்லை, அந்தப் பேச்சே அவர் வேலையைச் செய்தது. ராஜா கொடுத்ததைக் கேள்வி கேட்கலாமா! மலையாளிப் பழங்குடிகளான நம் முன்னோர் ஜாகீர் நிலத்தில் வெட்டி வேலை செய்தார்கள், கூலி கிடையாது. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 28 ஆண்டு கழித்து, 1976-இல்தான் இந்த மலை அரசின் கைக்கு வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு. சந்திரனில் மனிதன் இறங்கிய பிறகு! உங்களில் சிலருடைய அப்பா அப்போது பிறந்துவிட்டார்.

"அரசு வந்து மட்டும் என்ன கிழித்தது சார்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறான். நியாயமான கேள்விதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து நம் மலையின் சாலை, பள்ளி, மருத்துவம் பற்றி விசாரித்தது. ஆனால் அது அரசின் மீதான குற்றச்சாட்டு, ஜாகீருக்கு நற்சான்றிதழ் ஆகாது தம்பி.

பொற்காலக் கதை பரவினால் நட்டம் நமக்கு. வன உரிமைச் சட்டம், 2006-இன் கீழ் காட்டு நிலத்துக்கு உரிமை கோரும்போது, கோருபவர் அல்லாத மூத்தவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலமும் சான்றாகும் என்று விதியிலேயே இருக்கிறது. ஆகவே பாட்டி தாத்தாவிடம் இப்போதே உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கொல்லையை யார் உழுதார்கள், எங்கே வெட்டிக்குப் போனார்கள், புதைகாடு எங்கே இருந்தது. தேதி போட்டு எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, கிராம சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய ஜாகீர் ரசீது பரணில் கிடந்தால் எரிக்காதீர்கள். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.