உண்மையின் உரைகல்

பொருநை பாயும் அம்பாசமுத்திரத்தில் வாழும் நாம், அதே பொருநைச் சமவெளியிலுள்ள சிவகளையின் தொன்மையை எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம். பெருமிதம் சான்றாகுமா? ஆகாது! அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லை அமெரிக்க ஆய்வகம் கரிமப் பகுப்பாய்வு செய்து, அதன் காலம் கி.மு. 1155 எனக் கணித்தது. தமிழக அரசு 2021 இல் இதனை அறிவித்தது. நாம் ஏற்பது அந்தச் சோதனையையே.

ஆனால், பிறர்மீது பழி சுமத்தும் செய்தி கைப்பேசியில் வந்தால், எச்சோதனையுமின்றிப் பரப்புகிறோமே, இது முறையா? இமாம் புகாரி (810–870) அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நாணயத்தையும் நினைவாற்றலையும், அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தனரா என்பதையும் ஆராய்ந்த பின்னரே ஹதீஸை ஏற்றார்.

பலர் சொல்வதும் நமக்கு இனிப்பதும் உண்மைக்கு அளவுகோல் அல்ல. ‘கண்டவர் யார்? அறிந்தது எவ்வாறு?’ இவ்விரு வினாக்களே உரைகல். அதில் உரசப்படாத சொல்லை நம் வீட்டு வாசலிலேயே நிறுத்துவோமாக!