தண்டனை விலக்கு வேலை வாங்கித் தராது

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களின் இளைஞர்களுக்கு வேலை தேடும் பயிற்சி என்றால் தன்விவரக் குறிப்பு தயாரிப்பது, நேர்காணலில் பேசுவது, இணையத்தில் விண்ணப்பிப்பது என்று போகும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் 5,000 பேருக்குத் திறன் மேம்பாட்டுப் பயிற்சியும் இருந்தது. பயிற்சியில் குறை சொல்ல அதிகமில்லை. பயிற்சி முடித்தவர் எந்த உரிமையோடு வேலை கேட்பது என்பதுதான் இன்னும் தீராத விஷயம்.

மத்திய அரசின் 2025 செப்டம்பர் ஆணை அதைத் தீர்த்திருக்கலாம். 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்ததோடு அது நின்றுவிட்டது. வழக்கு வராது, சரி. குடியுரிமைக்கு அதில் வழியே இல்லை.

விண்ணப்பப் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் தடையின்றி நிரம்பும். ‘குடியுரிமை’ என்ற கட்டத்தில் பேனா நின்றுவிடும். இந்தியர் என்று எழுத முடியாது. இலங்கையர் என்று எழுதினால் பாஸ்போர்ட் எங்கே, விசா எங்கே என்று மனிதவள அலுவலர் கேட்பார். முகாம் அடையாள அட்டையை நீட்டினால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்கே தெரியாது. ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று முடித்துவிடுவார். சட்டம் படித்தவர் நிலை இன்னும் மோசம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் பொதுவாக இந்தியக் குடிமக்களையே பதிவு செய்ய அனுமதிக்கிறது. பட்டம் பெற்றும் சாரத்தில் ஏறிப் பெயிண்ட் அடிப்பவர்கள் முகாம்களில் உண்டு. வேலை வெளியூரில் என்றால், முகாமில் ஆள் கணக்கெடுக்கும் ‘செக்கிங்’ நாளுக்குத் திரும்பிவிட வேண்டும்; அந்த நாளின் கூலி போகும். இவர்களுக்கா நேர்காணலில் நிமிர்ந்து உட்காரக் கற்றுத்தர வேண்டும்?

இது புதிய அலட்சியம் அல்ல. டெல்லியில் முடிவெடுப்போர் 1992-இல் ‘தன்விருப்பம்’ என்ற பெயரில் அகதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அது விருப்பம்தானா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் வரவேண்டியிருந்தது. 2003-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, உரிய ஆவணமின்றி வந்தவர்களைச் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ ஆக்கி, பதிவு வழியில் குடியுரிமை பெறும் கதவைச் சாத்தினார்கள். 2014-இல் திபெத்திய அகதிகளுக்கு மறுவாழ்வுக் கொள்கை வகுக்கத் தெரிந்தவர்களுக்கு, 1983 முதல் வந்துகொண்டிருந்த இலங்கைத் தமிழர் நினைவுக்கு வரவில்லை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இடம்பெற்றன. கூப்பிடு தூரத்து இலங்கை விடுபட்டது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து, சட்டப்படி பிறப்பாலேயே இந்தியரான பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கக்கூட 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்தில் இருப்பதையே படிக்காதவர்கள், இல்லாததை எழுதிச் சேர்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பது எப்படி?

1987 ஜூலைக்குப் பிறகு முகாமில் பிறந்து, பெற்றோர் இருவருமே அகதிகளாக உள்ள பிள்ளைகளுக்கு அந்த நீதிமன்ற வழியும் கிடையாது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து வளர்ந்த தலைமுறை அது. அவர்கள் சம்பளப் பட்டியலில் பெயரோடு வேலை பார்க்க ஒரு சட்ட ஏற்பாடு வேண்டும். அதை விசாவாகத் தருவதா, குடியுரிமையாகவே தருவதா என்பதை மத்திய, மாநில அரசுகள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். அதுவரை பயிற்சிச் சான்றிதழ் வழங்கும் மேடைகளில் ‘வேலைவாய்ப்பு’ என்ற சொல்லையாவது தவிர்க்கலாம்.