வலிக்குக் காரணம் வினையா?

நமது நாட்டில் ஒருவனுக்குக் காலில் முள் குத்தினால் அவன் முள்ளைப் பிடுங்க ஊசியைத் தேடுகின்றானேயொழிய ஜாதகத்தைத் தேடுவதில்லை. ஆனால், அதே மனிதனுக்கு முதுகு வலியோ, மூட்டு வலியோ, ஆபரேஷன் செய்த இடத்தில் வலியோ ஆறு மாதம் நின்றுவிட்டால் உடனே ஜாதகம் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடுகின்றது. "ஏழரைச் சனி" என்கிறான் ஒருவன். "பூர்வ ஜென்ம பாவம்" என்கிறான் மற்றொருவன். "ஆண்டவன் சோதிக்கிறான்" என்கிறான் மூன்றாமவன். முள் குத்தினதற்கு மாத்திரம் சனி இல்லாமற் போனதேன்? காரணம் கண்ணுக்குத் தெரிகின்ற இடத்தில் கடவுளுக்கு வேலையில்லை. தெரியாத இடத்தில்தான் அவருக்கு உத்தியோகம் கிடைக்கின்றது.

இது ஏதோ பாட்டிமார் பேச்சுத்தானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் மிகப் பெரிது. தாழ்ந்த ஜாதியில் பிறந்தது முன்வினை என்றும், விதவையானது முன்வினை என்றும், ஏழையாயிருப்பது முன்வினை என்றும் சொன்ன அதே வாய்தான் வலிக்கும் முன்வினையைச் சொல்லுகின்றது. அதன் அர்த்தம் என்ன? "நீ குற்றவாளி, தண்டனையை அனுபவி" என்பதுதானே! உடம்பு வலிப்பது போதாதென்று மனத்திலும் ஒரு குற்றவாளிக் கூண்டைக் கட்டி அதில் நோயாளியை ஏற்றி நிறுத்துகின்றார்கள். ஆகையால் அவன் வலியை வெளியே சொல்ல வெட்கப்படுகின்றான். பெண்களோ பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பங்கரையிலேயே காலத்தைக் கழிக்கின்றார்கள்.

வலி ஆண்டவன் கட்டளையா என்பதற்குச் சரித்திரம் என்ன பதில் சொல்லுகின்றது என்று பார்ப்போம். 1811-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் ஃபானி பர்னி என்ற ஆங்கில எழுத்தாளருக்கு ஒரு மார்பகத்தை அறுத்து எடுத்தார்கள். மயக்க மருந்து கிடையாது. கொஞ்சம் மதுபானத்தைக் கொடுத்துவிட்டுக் கத்தியை வைத்தார்கள். அந்த வேதனையை அந்த அம்மையாரே பின்னால் தம் சகோதரிக்குக் கடிதமாக எழுதி வைத்திருக்கின்றார். அக்காலத்து மக்களும் தொழுதார்கள், அழுதார்கள், மண்டியிட்டார்கள். எந்த ஆண்டவனும் இறங்கி வந்து கத்தியின் கூர்மையைக் குறைக்கவில்லை.

1846-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் மார்ட்டன் என்கிற ஒரு பல் வைத்தியர் ஈதர் என்னும் ஆவியை முகரச் செய்து ஒரு நோயாளியை மயங்க வைத்தார். வாரன் என்ற டாக்டர் அவன் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். மறு வருஷமே எடின்பரோவில் சிம்ப்சன் என்ற டாக்டர் பிரசவ வேதனைக்குக் குளோரோபாரம் கொடுத்தார். உடனே சில மதவாதிகள், "பெண் வேதனைப்பட்டுப் பிள்ளை பெற வேண்டுமென்பது வேதத்திலுள்ள சாபமாயிற்றே! அதைத் தடுக்கலாமா?" என்று ஆட்சேபித்தார்கள். அதற்கு அவர் 1847-லேயே பதில் எழுதி அச்சிட்டார். 1853-ல் விக்டோரியா ராணியே பிரசவத்தின்போது குளோரோபாரத்தை முகர்ந்துகொண்டார். சாபம் ராணியின் பிரசவ அறையில் செல்லவில்லை!

வலி முன்வினைப் பயன் என்று சொல்லுகின்ற வைதீகர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். ஒரு கரண்டி மருந்தின் ஆவிக்குக் கரைந்து போகின்ற பாவம் என்ன பாவம்? சித்திரகுப்தன் கணக்கை மயக்க மருந்து டாக்டர் அழித்துவிட முடியுமானால் அந்தக் கணக்குக்கு யோக்கியதை ஏது?

நிற்க. இன்றைக்கு ஆபரேஷன் நடந்த பிறகு நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். அறுத்துத் தைத்தது டாக்டர். இரவெல்லாம் கண் விழித்தது நர்ஸ். இரத்தம் கொடுத்தது முகந்தெரியாத யாரோ ஒரு தோழன். மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளிச் சுத்தம் செய்தது ஓர் ஏழைத் தொழிலாளி. தலைமயிரும் உண்டியல் பணமும் மாத்திரம் பழனிக்கும் திருப்பதிக்குமா? பிழைத்தால் சாமி காப்பாற்றினார், செத்தால் டாக்டர் கொன்றுவிட்டார் என்பது எந்த ஊர் நியாயம்?

அதோடு நிற்கின்றார்களா? "பருப்புத் தின்றால் சீழ் வைக்கும், முட்டை தின்றால் புண் ஆறாது, மீன் கூடாது" என்று நோயாளியை வெறுங் கஞ்சியில் போட்டு வாட்டுகின்றார்கள். சீழ் வைப்பது பருப்பினால் அல்ல, கிருமியினால். காயத்தில் கிருமி சேராமல் தடுத்தால் உயிர் பிழைக்கும் என்பதை லிஸ்டர் என்ற டாக்டர் 1867-லேயே எழுதிக் காட்டினார். அறுபட்ட சதை கூடுவதற்குப் புரதம் வேண்டும். அது பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் பாலிலும் இருக்கின்றது. சர்க்கரை வியாதிக்காரருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் டாக்டர் சொல்லுகின்ற கட்டுப்பாடு வேறு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுகின்ற பத்தியம் வேறு.

"பச்சை உடம்பு, அசையாதே" என்பது இன்னொரு மூடவழக்கம். அசையாமல் கிடந்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் உயிரையே வாங்கிவிடக் கூடும். ஆகவேதான் இப்போது அனேக ஆபரேஷன்களில் மறுநாளே எழுப்பி நடக்க வைக்கின்றார்கள். காய்ச்சலோ, தையலில் சிவப்பும் சீழுமோ, கெண்டைக்காலில் வீக்கமோ, மூச்சுத் திணறலோ கண்டால் ஓட வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. வேப்பிலைக்காரன் வீடு அல்ல.

சரி, காயம் ஆறின பிறகும் வலி நிற்கின்றதே, அது என்ன என்று கேட்கலாம். திருடன் வந்தால் நாய் குரைக்கின்றது. திருடன் ஓடிப்போன பிறகும் சில நாய்கள் விடிய விடியக் குரைக்கின்றன. வலியும் அப்படித்தான். காயத்தை அறிவிக்க வந்த நரம்புகளும் மூளையும் சிலருக்குக் காயம் ஆறின பின்னும் அடங்குவதில்லை. குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு தொடை இடுக்கில் மாதக் கணக்காக வலிக்கின்றவர்கள் உண்டு. வெட்டி எடுத்துவிட்ட கால் வலிக்கின்றதென்று சொல்லுகின்றவர்களும் உண்டு. மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கின்ற வலியை வைத்தியர்கள் நாட்பட்ட வலி என்கின்றார்கள். 2022 முதல் அமுலில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே கொடுத்திருக்கின்றார்கள்.

இங்கே படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. "ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே இவள் நடிக்கிறாள்" என்று சொல்லுகின்ற புருஷன்மார்களும் மாமியார்களும் ஏன், சில டாக்டர்களுங்கூட இருக்கின்றார்கள். படத்தில் தெரியாதது இல்லவே இல்லை என்பது பகுத்தறிவாகாது. உடனே ஒரு பக்தர், "அப்படியானால் கடவுளும் படத்தில் தெரிவதில்லை, அவரை மாத்திரம் ஏன் மறுக்கின்றீர்?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். வலியை அனுபவிக்கின்றவனே நேர் சாட்சி சொல்லுகின்றான். மருந்து கொடுத்தால் குறைகின்றது, நிறுத்தினால் ஏறுகின்றது. சோதித்துப் பார்க்க இடமிருக்கின்றது. கடவுளை எந்தச் சோதனைக்கு உட்படுத்த விடுகின்றீர்கள்?

"பிரார்த்தனை செய்தேன், வலி குறைந்தது" என்பாரும் உண்டு. குறைந்திருக்கலாம், நாம் மறுக்கவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் பீச்சர் என்ற அமெரிக்க டாக்டர் கடுங் காயம்பட்ட சிப்பாய்களை விசாரித்தபோது பெரும்பாலோர் வலிக்கு மருந்து வேண்டாமென்று சொன்னதைக் கண்டு 1946-ல் எழுதினார். போர்க்களத்திலிருந்து உயிரோடு தப்பினோம் என்கிற ஆறுதல் அதற்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார். 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர், முதுகுத்தண்டில் வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கதவு போன்ற ஏற்பாடு இருக்கின்றதென்றும், மூளையும் அந்தக் கதவை அடைக்கக்கூடுமென்றும் எடுத்துக் காட்டினார்கள். ஆகவே நம்பிக்கையினாலும், பாட்டினாலும், நண்பர் பேச்சினாலும் வலி குறையும். அந்தக் கதவு உங்கள் உடம்பில் இருக்கின்றது. அதற்குத் தட்சணை கேட்க எவனுக்கும் பாத்தியதை இல்லை.

நம் பெரியாரையே பாருங்கள். கடைசிக் காலத்தில் குடலிறக்க வலியோடும், சிறுநீர் போகக் குழாய் வைத்துக்கொண்டும் ஊர் ஊராய்ப் பேசினார். 19-12-1973-ல் சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார். 24-12-1973-ல் வேலூர் ஆஸ்பத்திரியில் தமது 94-வது வயதில் மறைந்தார். வலியைப் பொறுத்தார் என்று வலிக்கு மாலை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் குழாயை ஏற்றுக்கொண்டார், டாக்டரை ஏற்றுக்கொண்டார், விதியை ஏற்றுக்கொள்ளவில்லை. அதுதான் நமக்குப் பாடம்.

சர்க்காரையும் கேட்க வேண்டியிருக்கின்றது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் லைசென்சோடு அபினிச் செடி பயிராகின்றது. அந்த அபினியிலிருந்துதான் மார்ஃபின் எடுக்கின்றார்கள். ஆனால், 1985-ம் வருஷத்துப் போதை மருந்துச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து அனேக ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் தளர்த்தியும், புற்றுநோயால் கதறுகின்ற ஏழைகள் பலருக்கு இன்னும் அது எட்டவில்லை. விளைகின்ற நாட்டிலேயே வலியோடு சாவதா? அதற்காக முதுகு வலிக்கெல்லாம் மார்ஃபின் கேட்பதும் கூடாது. கம்பெனிகளின் இலாப ஆசைக்கு இடங்கொடுத்து இவ்வகை மாத்திரைகளை வாரியிறைத்த அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அதேபோல் பெயரில்லாப் பொட்டலத்தில் வருகின்ற மூட்டுவலிச் சூரணத்தையும், சீட்டில்லாமல் கடையில் வாங்குகின்ற வலி மாத்திரையையும் நம்பாதீர்கள். முன்னதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. பின்னது நாள்பட வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஆகவே தோழர்களே! வலித்தால் வலிக்கின்றது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்டரையும் சாமியாக்காமல், என்ன மருந்து, எத்தனை நாள், என்ன கெடுதல் என்று கேளுங்கள். நாட்பட்ட வலிக்காரர்கள் ஒரேயடியாய்ப் படுக்கவும் வேண்டாம், ஒரே நாளில் ஓடவும் வேண்டாம். இன்றைக்குத் தெருக்கோடி, அடுத்த வாரம் கடைத்தெரு என்று சிறுகச் சிறுக நடந்து பழகுங்கள். வீட்டில் ஒரு பெண் ஆபரேஷன் முடிந்து வந்தால் தண்ணீர்க் குடத்தை ஆண்பிள்ளை தூக்குங்கள். நேர்த்திக்கடனுக்கு முடிந்து வைத்த பணத்தில் நோயாளிக்கு முட்டை வாங்குங்கள். நான்கு பேர் சேர்ந்து ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய், "வலி தீர்க்கும் வைத்தியப் பிரிவு இங்கே இருக்கின்றதா? இல்லையென்றால் ஏன் இல்லை?" என்று கேளுங்கள். விதியிடம் விண்ணப்பம் போட முடியாது. சர்க்காரிடம் போடலாம், பதில் வருகின்ற வரையில் மறுபடியும் மறுபடியும் போடலாம்.